பட்டத்திற்குப் பின் எவ்வழி?

ஆண்டுதோறும் கோடைக்காலம் முடியும் தறுவாயில் பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகள் வெளிவருகின்றன. அவ்வேளையில் நம் நாட்டில் பல்லாயிரம் வீடுகளில் ஒரே கேள்வி எழுகின்றது. "பட்டம் வாங்கியாயிற்று, இனி என்ன செய்வதாக எண்ணம்?" என்பதே அக்கேள்வி. தந்தை கேட்கிறார், தாய்மாமன் கேட்கிறார், எதிர்வீட்டுப் பெரியவர் கேட்கிறார். கேட்பவர் பலர், விடை சொல்ல வேண்டியவரோ இருபத்தொரு வயது நிரம்பிய ஒருவர். பல குடும்பங்களில் அவரே முதற் பட்டதாரி. அவருக்கு முன்னே அவ்வழியில் நடந்து காட்டியவர் அவ்வீட்டில் எவரும் இலர். அத்தகைய இளைஞர்க்கும் நங்கையர்க்கும் பயன்படக்கூடிய சில செய்திகளைக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். பத்தாம் வகுப்பில் என்னிடம் பயின்றவர்கள் கல்லூரிப் படிப்பு முடிந்த பின்னரும் என்னைத் தேடி வருவதுண்டு. "ஐயா, மேலே படிக்கலாமா? அரசுத் தேர்வுக்குத் தயார் செய்யலாமா? கிடைத்த வேலைக்குப் போகலாமா? மூன்றில் எது நல்லது?" என்று வினவுவர். மூன்றும் நல்ல வழிகளே. ஆயினும், எந்த வழியாயினும் அதில் அடியெடுத்து வைக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். எதற்காக அவ்வழியே போகிறோம்? அவ்வழியின் வாயில் எது? எவ்வளவு காலம் அதற்குக் கொடுக்கப் போகிறோம்? இம்மூன்றில் கடைசி வினாவைத்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்காமையால் வரும் இழப்பு மிகப் பெரிது.

முதலில் மேற்படிப்பை எடுத்துக்கொள்வோம்.

முதுநிலைப் படிப்பில் சேர்வதற்குத் தக்க காரணங்கள் மூன்று உள்ளன. ஒரு பாடத்தில் மெய்யான ஈடுபாடு இருத்தல் ஒன்று. நாம் விரும்பும் தொழிலுக்கு அப்படிப்பு கட்டாயத் தகுதியாக இருத்தல் மற்றொன்று. இளநிலையில் படித்த துறையிலிருந்து வேறு துறைக்கு மாற விரும்புதல் மூன்றாவது. இவற்றுள் ஒன்றேனும் இருந்தால் தயங்காமல் சேரலாம். இவை எதுவும் இல்லாமல், "சும்மா இருப்பதற்குப் பதில் எம்.ஏ. படிக்கிறேன்" என்று சேர்வோரும் உளர். மழைக்கு ஒதுங்க மண்டபத்துக்குள் நுழைவது போன்றது இது. மழை விட்டதும் வெளியே வந்து பார்த்தால், போகவேண்டிய ஊர் அதே தொலைவில்தான் இருக்கும். பொழுது மட்டும் சாய்ந்திருக்கும்.

இனி, வாயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறந்த கல்விநிலையங்கள் பலவற்றின் வாயில் நுழைவுத் தேர்வுதான். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் எம்.எஸ்ஸி. பயில 'ஜாம்' என்னும் தேர்வு உண்டு. பொறியியல் மேற்படிப்புக்கு 'கேட்' தேர்வு. இதில் பெறும் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். பொதுத்துறை நிறுவனங்கள் சிலவும் இதைக்கொண்டு ஆள் எடுக்கின்றன. திருவாரூரில் 2009-ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் முதுநிலை வகுப்புகளில் சேர, 2022 முதல் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடந்து வருகிறது. கணிதத்தில் நாட்டமுடையோர்க்குச் சென்னைத் தரமணியில் 1962-இல் நிறுவப்பெற்ற கணித அறிவியல் கழகமும், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகமும் வீட்டருகே கிடைத்த புதையல்கள் எனலாம். உலகறிந்த இவ்விடங்களைப் பற்றி நம் சிற்றூர்க் கல்லூரி மாணவர் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

இங்கே ஓர் இன்றியமையாத செய்தி. 'ஜாம்', 'கேட்' ஆகிய தேர்வுகள் பிப்ரவரி மாதத்தை ஒட்டி நடப்பவை. அவற்றுக்கான விண்ணப்பங்கள் முந்திய ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே தொடங்கி விடுகின்றன. ஆகவே, பட்டத் தேர்வின் முடிவு வந்த பிறகு "இனி என்ன படிக்கலாம்?" என்று யோசிக்கத் தொடங்குபவர், யோசிப்பதற்கு முன்பே ஓராண்டை இழந்து விட்டார். இறுதியாண்டு மாணவர்களும் இத்தேர்வுகளை எழுதலாம். எனவே மூன்றாம் ஆண்டின் ஆடி, ஆவணியிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். ஆடிப் பட்டம் தேடி விதை என்று உழவர்க்குச் சொன்ன மொழி மாணவர்க்கும் பொருந்தும்.

கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்பது பலருடைய கனவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியலினத்தார், பிற்படுத்தப்பட்டோர் போன்றோர்க்கு இதில் சலுகை உண்டு. அதனுடன் தேசியத் தகுதித் தேர்வாகிய 'நெட்' அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அல்லது முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். முன்னாளில் இடைப்படியாக விளங்கிய எம்.ஃபில். பட்டத்தை மானியக் குழு 2022-ஆம் ஆண்டு விதிகளில் நீக்கிவிட்டது. பழைய நினைவில் பெரியோர் "எம்.ஃபில். சேர்" என்று அறிவுரை கூறினால், பணிவாகக் கேட்டுக்கொண்டு இன்றைய விதியைப் படித்துப் பாருங்கள். 'நெட்' தேர்வில் மிக உயர்ந்த இடம் பெறுவோர்க்கு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் இது முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் திங்களுக்கு 37,000 ரூபாய். அதன்பின் 42,000 ரூபாய். வீட்டில் பணம் இல்லையே, ஆராய்ச்சிக்கு எப்படிப் போவது என்று ஏங்கும் ஏழை மாணவர் இத்தொகையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அறிவுக்குச் சோறிடும் வழி நம் நாட்டில் அடைபட்டுவிடவில்லை.

பள்ளி ஆசிரியப் பணியைப் பற்றி நான் சொல்லாமல் இருக்க இயலாது. அது என் வாழ்வாக இருந்த தொழில். பி.எட். படிப்பு 2015-ஆம் ஆண்டில் ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீண்டது. அது முடிந்தால் மட்டும் பள்ளியில் நுழைந்துவிட முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று விதித்துள்ளனர். மேனிலை வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியராக விரும்புவோர் முதுநிலைப் பட்டத்துடன் பி.எட். பட்டமும் பெற்று, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வை எழுத வேண்டும். இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடத்தையோ அதற்கு இணையான பாடத்தையோ படித்திருத்தல் வேண்டும் என்பது அங்கே நெடுங்காலமாகக் கேட்கப்படும் தகுதி. இதை அறியாமல், இளநிலையில் ஒன்றும் முதுநிலையில் வேறொன்றும் படித்து, பி.எட்.டும் முடித்து, ஏழாண்டு உழைப்புக்குப் பின் வாயிலில் தடுக்கப்பட்டு நின்றோர் உண்டு.

பட்டத்தின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். புதிய புதிய பெயர்களில் பட்டப்படிப்புகள் பெருகியுள்ளன. உங்கள் பட்டத்தின் பெயர், வேலை அறிவிப்பில் உள்ள பெயரினின்று சிறிது வேறுபட்டாலும், அது இணையானது என்பதற்கு அரசாணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறே, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை மாறாமல் படித்திருப்பது தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு இன்றியமையாதது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிட்டு வருகிறது. கட்டணம் செலுத்துவதற்கு முன் அதைப் பார்ப்பதற்குக் கால்மணி நேரமே பிடிக்கும்.

அடுத்துப் பணத்தைப் பற்றிப் பேசவேண்டும். மேற்படிப்புக்கு வங்கிக் கடன் கிடைக்கிறது. 4 இலட்சம் ரூபாய் வரை ஈடு இல்லாமல், பெற்றோரைக் கூட்டுக் கடனாளியாகக் கொண்டு வங்கிகள் கடன் தரும் முறை நெடுநாளாக உள்ளது. 2015-இல் ஏற்பட்ட உத்தரவாத நிதித் திட்டம் இவ்வசதியை 7½ இலட்சம் வரை விரிவாக்கியது. நாட்டின் தலைசிறந்த கல்விநிலையங்களில் இடம் பெறுவோர்க்கு, ஈடும் பிணையாளும் இல்லாமலே கடன் தரும் மத்திய அரசுத் திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்த பிறகு தவணை கட்டத் தொடங்கினால் போதும் என்பது பொது விதி.

கடன் கிடைப்பது எளிதானால் கணக்குப் பார்ப்பதும் கட்டாயமாகிறது. எடுத்துக்காட்டாக, 5 இலட்சம் ரூபாய்க் கடனை நூற்றுக்குப் 10 வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 6,600 ரூபாய் வரும். முழுதும் அடைபடும்போது நாம் கட்டிய தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 93 ஆயிரம். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. படித்து முடித்ததும் கிடைக்கும் முதல் வேலையில் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், அதில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் கடனுக்கே போய்விடும். வீட்டு வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்ப வேண்டியது எல்லாம் மிஞ்சியதிலிருந்துதான். ஆகவே, சேர விரும்பும் கல்லூரியில் சென்ற ஆண்டு அதே படிப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன ஊதியத்தில் இருக்கிறார்கள் என்று அவர்களையே நேரில் கேட்டறியுங்கள். விளம்பரத் தாளில் அச்சாகியிருக்கும் மிகப்பெரிய ஊதியம் ஒருவர் பெற்றதாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது நடுவில் நிற்கும் மாணவர் பெற்ற ஊதியம்.

இனி, போட்டித் தேர்வுகள். நம் மாநிலத்தில் இதற்கு நீண்ட மரபு உண்டு. சென்னை மாகாணத் தேர்வாணையம் 1929-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. பரிந்துரையின்றி, குலம் கோத்திரம் கேளாமல், அறிவை அளந்து பணி தரும் முறை இது. குடிசையில் பிறந்தவர் ஆட்சியர் நாற்காலியில் அமர்வதற்கு இவ்வழியே இடமளித்தது. அவ்வழியைக் குறைகூற எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை.

ஆனால் அதன் அளவை அறிந்துகொண்டு இறங்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர் 11,35,697 பேர். முதனிலைத் தேர்வை உண்மையில் எழுதியவர் 5,73,735 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தேறியவர் 13,090 பேர். நேர்முகத் தேர்வுக்கு 2,529 பேர். முடிவில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் 933 பேர். எழுதியவரில் 615 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. மற்ற 614 பேரும் சோம்பேறிகள் அல்லர், அறிவிலிகளும் அல்லர். இடம் அவ்வளவுதான். இத்தேர்வைப் பொதுப் பிரிவினர் 32 வயதுக்குள் ஆறு முறையும், பிற பிற்படுத்தப்பட்டோர் 35 வயதுக்குள் ஒன்பது முறையும் எழுதலாம். பட்டியலினத்தார், பழங்குடியினர்க்கு 37 வயது வரை இடமுண்டு. அது சட்டம் தரும் எல்லை. ஒரு குடும்பம் தாங்கக்கூடிய எல்லை அதைவிட மிகக் குறுகியதாக இருக்கலாம்.

என் மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. இயற்பியலில் நல்ல மதிப்பெண்ணுடன் பட்டம் பெற்றவர். தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி நகரத்தில் அறை எடுத்துத் தங்கினார். முதல் ஆண்டு ஒரு தேர்வில் மூன்று மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்தார். அம்மூன்று மதிப்பெண்தான் அவருக்குப் பகையாயிற்று. அடுத்த முறை நிச்சயம் என்று எண்ணினார். அதற்கடுத்த முறையும் அவ்வாறே எண்ணினார். ஏழாண்டுகள் இப்படிக் கழிந்தன. தந்தையின் கண்பார்வை மங்கியது. தங்கையின் திருமணம் தள்ளிப் போயிற்று. இருபத்தொன்பதாம் வயதில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை கேட்டுப் போனபோது, "இந்த ஏழாண்டுகள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் படித்த அவரால், அந்தப் படிப்பைக் காட்டும் ஒரு தாளையும் எடுத்து நீட்ட முடியவில்லை. அவருடைய உழைப்பில் குறைவில்லை. எத்தனை ஆண்டு என்று முதல் நாளில் எவரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. பின்னர் அவர் ஒருவாறு நிலைபெற்றார் என்பது உண்மையே. ஆயினும், ஏழாண்டுகளுக்கு முன்பே நிலைபெற்றிருக்கக் கூடியவர்.

ஆகவே, போட்டித் தேர்வில் இறங்குவோர் முதல் நாளிலேயே ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டு என்று குறித்து, அதை வீட்டாருக்கும் தெரிவித்துவிட வேண்டும். அவ்வெல்லைக்குள் முழு மூச்சுடன் படிக்க வேண்டும். எல்லை வந்ததும் வேறு வேலையில் சேர்ந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் தேர்வு எழுதலாம்; எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. ஒரு தேர்வையே நம்பி நிற்காமல், அதே படிப்பைக் கொண்டு எழுதக்கூடிய வேறு தேர்வுகளையும் எழுத வேண்டும். மாநிலத் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதியே போதும் என்றாலும், பட்டதாரிகளும் அதை எழுதுகின்றனர். கிராம நிருவாக அலுவலராகச் சேர்ந்து, பணியிலிருந்தபடியே மேல்தேர்வு எழுதி உயர்ந்தோரை நான் அறிவேன்.

தமிழ் வழியில் பயின்றோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டு அரசின் நேரடிப் பணி நியமனங்களில் 20 விழுக்காட்டு இடங்களில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த திருத்தம், பட்டம் மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் அமைந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. அதற்கான சான்றினைப் படித்த பள்ளி, கல்லூரித் தலைவர்களிடம் பெறவேண்டும். கடைசி நாளில் ஓடிவந்து கேட்ட பிள்ளைகள் பலர்க்கு நான் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன். ஓய்வான நாளில் வந்து வாங்கி வைத்துக்கொண்டால் பள்ளிக்கும் நல்லது; பிள்ளைக்கும் நல்லது.

பயிற்சிக்குப் பணம் இல்லையே என்று கவலை வேண்டா. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் வழியாகக் கட்டணமின்றிப் போட்டித் தேர்வு வகுப்புகள் நடத்தப்படுகின்றன. அங்கே பெயர் பதிந்தவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் மறத்தல் ஆகாது. "இத்தனை இலட்சம் கொடுத்தால் அரசு வேலை வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் வந்தால், அவர் எத்துணைப் பெரிய மனிதர் போலத் தோன்றினாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள். தேர்வாணையத்தில் விலைக்கு விற்கும் நாற்காலி கிடையாது. தாலிக்கொடியை அடகு வைத்து அப்பணத்தைக் கொடுத்துவிட்டு அழுத தாய்மார்களை நாம் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மூன்றாவது வழி, வேலை. "படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும் வரை எந்த வேலைக்கும் போகமாட்டேன்" என்பது இளமைக்கு இயல்பான எண்ணம். ஆனால் வேலை என்பது ஊதியம் மட்டும் அன்று. உரிய நேரத்தில் ஓரிடத்தில் இருத்தல், பிறருடன் இசைந்து செய்தல், ஒப்புக்கொண்டதை முடித்தல், கடிதம் ஒன்றைப் பிழையின்றி எழுதுதல் ஆகிய இவை வகுப்பறையில் முழுமையாகக் கைவருவன அல்ல. பட்டதாரிகள் இவற்றைப் பழகுவதற்கென்றே சட்டம் ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம் 1973-இல் பொறியியல் பட்டதாரிகளையும், 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மற்றப் பட்டதாரிகளையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ ஓராண்டு உதவித்தொகையுடன் பயிலலாம். தென்மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆயினும் அடுத்த இடத்தில் "ஓராண்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், நீட்டுவதற்குச் சான்றிதழ் ஒன்று கையில் இருக்கும்.

வேலையில் சேர்ந்தால் படிப்பு போய்விடும் என்று அஞ்சுவோர்க்கு இராமானுசனை நினைவூட்டுகிறேன். கல்லூரித் தேர்வில் தேறாத அவர், 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். எல்லாரும் இராமானுசன் ஆக முடியாது. நான் அப்படிச் சொல்லவும் வரவில்லை. சிறு வேலையும் பெரும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். வேலை பார்த்துக்கொண்டே படிக்க, 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள்ளன.

எண்ணிய வழி மாறிவிட்டால் வாழ்வே போயிற்று என்று கருதவும் வேண்டா. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் கணிதம் படித்தவர். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தபோது, அந்தத் தனிமை பிடிக்காமல் பழைய ஆசிரியப் பணிக்கே திரும்பிவிட விரும்பினார். இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று வந்த பின் முடிவு செய்யலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சென்றார், கண்டார், மனம் மாறித் திரும்பினார். 1931-இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கு அவருடைய முயற்சி பெரிதும் காரணம். விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய சட்டம் அதுவே முதலாவது. இன்று நம் ஊர்க் கிளை நூலகத்தில் அமர்ந்து தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, தான் விரும்பிக் கேளாத பணியை ஏற்ற ஒருவரின் உழைப்பில்தான் அமர்ந்திருக்கிறது.

பெற்றோர்க்குச் சில சொற்கள் சொல்ல வேண்டும். மகளுக்கு முதுநிலையில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. ஆயினும் "மேலே படித்தால் அதற்கேற்ற மாப்பிள்ளை தேட வேண்டுமே" என்று நிறுத்திவிடுகிறீர்கள். என்னிடம் இவ்வாறு வாதாடிய தந்தையர் பலர். நான் அவர்களிடம் கேட்பது இதுதான்: நாளை அப்பெண்ணின் வாழ்வில் எதிர்பாராத இடர் ஒன்று வந்தால், அப்போது நீங்கள் அருகில் இருப்பீர்களா? நகை களவு போகலாம், நிலம் கைமாறலாம், கற்றது அவளிடமே இருக்கும். மகனுக்கும் ஒன்று சொல்கிறேன். அண்டைவீட்டுப் பையன் எந்தப் படிப்பில் சேர்ந்தானோ அதில் இவனையும் சேர்ப்பது அறிவுடைமை ஆகாது. தேர்வில் தவறிய பிள்ளையிடம் செலவுக் கணக்கை ஒப்புவிப்பதும் வேண்டா. அக்கணக்கு அப்பிள்ளைக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மனம் உடைந்து முகம் கொடுக்காமல் இருக்கும் பிள்ளையுடன் ஒருவேளையாவது சேர்ந்து உட்கார்ந்து உண்ணுங்கள். வழி தவறினால் திருத்திக்கொள்ளலாம். பிள்ளையை இழந்தால் திருத்த வழியில்லை.

இளைஞர்களே, இன்றிரவு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எந்த வழியில் போகிறேன் என்று முதல் வரியில் எழுதுங்கள். எதற்காக என்று இரண்டாம் வரியில் எழுதுங்கள். அதற்குரிய தகுதி, தேர்வு, விண்ணப்ப நாள், செலவு ஆகியவற்றை மூன்றாம் வரியில் எழுதுங்கள். தெரியாவிடில் தெரிந்துகொண்டு எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம் வரை என்று நான்காம் வரியில் எழுதுங்கள். அதற்குள் கைகூடவில்லையானால் அடுத்து என்ன செய்வேன் என்று ஐந்தாம் வரியில் எழுதுங்கள். நாளைக் காலையில் அத்தாளைப் பெற்றோரிடம் படித்துக் காட்டுங்கள். ஐந்தாம் வரியை எழுதும்போது கை சற்றுத் தயங்கும். தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது போல் தோன்றும். அப்படி எண்ணாதீர்கள். அந்த வரியை எழுதி வைத்தவர்தான், மற்ற நான்கு வரிகளுக்காகவும் அச்சமின்றி உழைக்க முடியும்.

எல்லார்க்கும் நல்வழி அமைக!